படத்தில் வராத வாசம்

அத்தியாயம் 7

"கல்யாணத்துக்குப் பார்க்கிற பொண்ணைக்கூட ஒரு தடவை நேர்ல காட்டுவாங்கக்கா. கஸ்டம்காரங்க என்னடான்னா படத்தை மட்டும் அனுப்பிட்டு, உங்க சரக்குதானே, கையெழுத்துப் போடுங்கன்னு கேக்கிறாங்க."

கோகிலன் சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே சிரிப்பு வரவில்லை. ஆனால் வாய் சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ ஓடியது, அதனால் பேசிக்கொண்டிருந்தான்.

ஈப்போவின் புந்தோங் பகுதியில் மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறைதான் நவமணியின் துப்பறியும் அலுவலகம். கப்பல் சரக்குகளைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கும் கம்பெனியில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். அங்கே மற்றவர்கள் புளுகுவதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதை இப்போது தனியாக வாடகைக்கு விட்டிருக்கிறாள். அவளுக்கு உதவியாள், கார் ஓட்டுபவன், கோப்பி வாங்கி வருபவன் எல்லாம் கோகிலன் ஒருவனே.

மேசைமேல் கஸ்டம் என்கிற சுங்க இலாகா கொடுத்த படங்கள் பரப்பிக் கிடந்தன. சாக்கு மூட்டைகள். சில மூட்டைகள் வயிறு கிழிந்து கிடந்தன. மேலே கைலி, கீழே கைலி, நடுவில் தீர்வை முத்திரை இல்லாத சிகரெட்.

மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஃபரீதா, ஈப்போவில் கைலிக் கடை வைத்திருப்பவள். கணவர் மௌத்தான பிறகும் கடையை மூடாமல் தானே நின்று நடத்துகிறாள். தமிழ்நாட்டிலிருந்து மூட்டையாக வரும் கைலிகளைச் சிலிபினில் ஒரு ஸ்டோரில் இறக்கி வைப்பாள். போன வாரம் கஸ்டம் அந்த ஸ்டோருக்குள் நுழைந்து எல்லா மூட்டைகளையும் பறிமுதல் செய்தது. ஸ்டோரைக் கவனித்துக்கொண்டு சாவியை இடுப்பில் முடிந்து வைத்திருக்கும் அப்பாவுவையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போனது.

அப்பாவு, கோகிலனின் அம்மாவோடு பிறந்தவர். கோகிலனின் வாய் ஓயாததற்கு அதுதான் காரணம்.

"லாத்தா, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான் ஸைஃபுல், ஃபரீதாவின் தம்பி. அக்காவை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். "சரக்கு எங்களுது, சிகரெட் எங்களுது இல்ல, சாவி அப்பாவுகிட்ட இருந்துச்சு. கஸ்டம் நோட்டீசுக்குப் பதிலா இதைத்தான் நான் எழுதியிருக்கேன். கையெழுத்துப் போட்டா உங்களை விட்டுடுவாங்க லா. கெடு இன்னிக்கோட முடியுது."

"என்னை விட்டுடுவாங்க. அப்பாவுவை?"

ஸைஃபுல் கோகிலனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தான். "மனுஷன் நல்லவருதான். சபலம் யாரைத்தான் விட்டுச்சு."

ஃபரீதா ஒரு படத்தை எடுத்து முகத்துக்கு அருகே கொண்டுபோனாள், பிறகு தூரமாகப் பிடித்தாள். "இதுல எனக்கு என்னத்தத் தெரியுது? கண்ணே மங்கலு."

"அது ஊருக்கே தெரியும்க்கா," என்றான் கோகிலன். "எனக்குக் கருநீலக் கைலியை வெள்ளை நூல்ல மூட்டிக் குடுத்தீங்க. பின்னால இருந்து பார்த்தா நடுரோட்டுக் கோடு நடந்து போற மாதிரி இருக்குங்குறா என் பொண்டாட்டி."

"வெள்ளை நூல்தான்டா எனக்குக் கண்ணுல படுது. கறுப்பு நூலைக் கோத்தா கைலியோட என் விரலையும் சேர்த்துல மூட்டிடுவேன்."

நவமணி எழுந்து கைப்பையை எடுத்தாள். "ஃபரீதாக்கா, நீங்க எதுலயும் கையெழுத்துப் போட வேணாம். முதல்ல சரக்கைப் பார்ப்போம்."

"அதான் படம் இருக்கே," என்றான் ஸைஃபுல்.

"படத்துல கனம் தெரியாது, தம்பி. மடிப்பு தெரியாது. படம் எடுத்தவன் எதைப் பார்த்தானோ அதைத்தான் நாமளும் பார்ப்போம். எனக்கு அவன் பார்க்காதது வேணும்."

ஸைஃபுலின் காரிலேயே போனார்கள். அவனாகத்தான் வற்புறுத்தினான். வழியில் பேச்சு அறுந்து கிடந்ததைக் கோகிலனால் தாங்க முடியவில்லை.

"உங்க குருவி வீடு எப்படி இருக்குண்ணே? ஆயர் தாவார்ல பழைய தோட்டத்துக் கட்டடத்தை எடுத்தீங்களே, சூப்புக்கு விக்கிற கூடு கட்டக் குருவி வந்துச்சா?"

"எங்க லா. ஜன்னலே இல்லாத கட்டடம், நல்ல இருட்டு, குருவிக்குன்னே கட்டின மாதிரி. ஸ்பீக்கர்ல குருவிச் சத்தமும் விடாம ஓடுது. ஒண்ணுகூட எட்டிப் பார்க்கல."

"பாட்டை மாத்திப் பாருங்கண்ணே. பழைய பாட்டா இருக்கும்."

ஸைஃபுல் சிரித்தான். நல்ல சிரிப்பு. யாருக்கும் பிடித்துப் போகும் சிரிப்பு.

*

சுங்க இலாகா ஸ்டோரின் முன் அறையில் இருந்த அதிகாரி தனேஸ்வரன், சட்டை மடிப்புக் கலையாத மனிதர். பேச்சிலும் மடிப்புக் கலையவில்லை.

"படம் குடுத்தாச்சும்மா. சரக்கை எல்லாருக்கும் திறந்து காட்ட இது கைலிக் கடை இல்ல."

"இது கைலிக் கடைக்காரங்க, துவான்," என்று ஃபரீதாவைக் காட்டினாள் நவமணி. "ஒரே ஒரு கேள்வி. இந்த மூட்டையெல்லாம் இன்னிய தேதிக்கு யாருது?"

"பறிமுதல் ஆனது."

"பறிமுதல்தான். பறிபோகல. வழக்கு முடிஞ்சு அரசாங்கத்துக்குன்னு தீர்ப்பாகிற வரைக்கும் சரக்குக்குச் சொந்தக்காரி இவங்கதான். அதனாலதானே உரிமை கோருங்கன்னு இவங்களுக்கு நோட்டீஸ் அனுப்பினீங்க? பார்க்காத சரக்கை என்னுதுன்னு இவங்க எப்படிச் சொல்லுவாங்க? இல்லைன்னும் எப்படிச் சொல்லுவாங்க?"

தனேஸ்வரன் பேனாவை மூடினார். "சரக்குல கை வச்சா சாட்சியம் கெட்டுப் போகும்."

"கை நீங்க வைங்க. நாங்க கண்ணை மட்டும் வைக்கிறோம். உங்க முன்னால, உங்க ஸ்டோர்ல, உங்க விளக்கு வெளிச்சத்துல. வேணும்னா கோகிலன் கையைப் பின்னால கட்டிக்குவான்."

"வாயைக் கட்டச் சொல்லாத வரைக்கும் சரிதான்," என்றான் கோகிலன்.

அதிகாரி தொலைபேசியை எடுத்து மேலதிகாரியிடம் மெதுவாகப் பேசினார். பிறகு, "சொந்தக்காரங்க, கூட ரெண்டு பேர். நான் பிரிச்சுக் காட்டுறதை மட்டும்தான் பார்க்கணும்" என்றார்.

"நீங்க வாங்க தம்பி," என்று நவமணி ஸைஃபுலைக் கூப்பிட்டாள். "நீங்களும் கடையில இருக்கிறவரு. கோகிலன் வெளிய நிக்கட்டும்."

"வேணாம்க்கா. எனக்குத் தூசி ஒத்துக்காது." அவன் ஏற்கெனவே கார் இருக்கும் பக்கம் திரும்பியிருந்தான். "லாத்தாவுக்குக் குடிக்க ஏதாச்சும் வாங்கிட்டு வாரேன்."

உள்ளே தகரக் கூரை வெயிலில் நெளிந்துகொண்டிருந்தது. மூட்டைகள் இரண்டு குவியலாகக் கிடந்தன. ஒன்று சிகரெட் இருந்தவை, மற்றது சும்மா கைலி. எல்லாச் சாக்கிலும் ஒரே மாதிரி ஃபரீதாவின் கடை அடையாளம், பச்சை மையில். ஸ்டோரில் பழைய சரக்கும் புதுச் சரக்கும் கலந்தே கிடக்கும் என்பதால் எண்ணிப் பார்த்து எது கூடுதல் என்று சொல்வதற்கில்லை.

"துவான், ஒரு சந்தேகம்," என்றான் கோகிலன். "சிகரெட்டை மட்டும் நீங்க வச்சுக்கிட்டு, கைலியை எங்களுக்கு…"

வாக்கியம் முடியவில்லை. தனேஸ்வரன் கையுறை போட்ட கையால் சாக்கின் வாயைப் பிரித்திருந்தார். உள்ளேயிருந்து கிளம்பிய வாசம் கோகிலனின் மூக்கில் ஏறி, நேராக நெஞ்சில் போய் உட்கார்ந்தது.

புளிப்பும் கரியும் கலந்த வாசம். பச்சை விறகுப் புகையில் நாள்கணக்கில் தொங்கிய ரப்பர் ஷீட்டின் வாசம். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் அவன் தினமும் சுவாசித்தது. சாயங்காலம் மாமா வேலை முடிந்து வந்து அவனைத் தூக்கும்போது அவர் சட்டையிலிருந்து வருமே, அதே வாசம். அப்பாவு அந்தக் காலத்தில் தோட்டத்துப் புகைக்கூடத்தில்தான் வேலை பார்த்தார். ஷீட்டை மாட்டுவதும் விறகு தள்ளுவதும் அவர்தான்.

தனேஸ்வரன் அடுத்த சாக்கைப் பிரித்தார். அதே வாசம். அடுத்ததும் அப்படியே. கைலிக் குவியல் பக்கம் போய் ஒன்றைப் பிரித்தார். கஞ்சிப் பசையும் புதுச் சாயமும் மட்டும் மணத்தன.

கோகிலன் வாயை மூடிக்கொண்டான். 'மாமா, என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க' என்று மனசுக்குள்ளே மட்டும் கேட்டான்.

நவமணி அவன் முழங்கையைத் தொட்டு ஓரமாக நகர்த்தினாள்.

"என்ன, கடையைச் சாத்திட்ட?"

"ஒண்ணுமில்லக்கா. புழுக்கமா இருக்கு."

"புழுங்கினா நீ கூடுதலா பேசுவியே."

அவன் தரையைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். அவள் காத்திருப்பதைத் தாங்கியவர்கள் யாரும் இல்லை. கோகிலன் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்ததும், "இதைத் துவான்கிட்ட சொல்லாதீங்கக்கா. புகைக்கூடம்னு சொன்னாலே மாமா கதை முடிஞ்சுது" என்றான்.

"சொல்லலைன்னா மட்டும் உன் மாமா வீட்டுலயா படுத்திருக்காரு? லோக்கப்லதானே இருக்காரு." அவள் குரலில் கடுமை இல்லை. "அவர் அந்த வேலையை விட்டு எவ்வளவு காலம் ஆச்சு?"

"எனக்கு மீசை முளைக்கிறதுக்கு முன்னாடி."

"அதுக்கப்புறம் எத்தனை சட்டை மாத்தியிருப்பாரு? குளிச்சிருப்பாருல்ல?"

"தீபாவளிக்குத் தீபாவளி கண்டிப்பா." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்போ வாசம் மனுஷங்கிட்ட இருந்து வரல. மனுஷனுக்குப் போயிடும். பலகையிலயும் சுவத்துலயும் ஊறினது போகாது. இந்தச் சாக்கெல்லாம் ஒரு புகைக்கூடத்துக்குள்ள கொஞ்ச காலம் அடைஞ்சு கிடந்திருக்கு. அப்படி ஒண்ணு இன்னும் எங்க நிக்குது?"

"எங்கயும் இல்லக்கா. ரப்பர் பால்மரத்தைச் சாய்ச்சிட்டு எண்ணெய்ச் செம்பனை வச்சப்பவே எல்லாத்தையும் இடிச்சுப் போட்டாங்க. புகைக்கூடம்னா என்ன, ஜன்னல் இல்லாம, இருட்டா, உசரமா…"

அவன் நிறுத்தினான்.

"சொல்லு," என்றாள் நவமணி.

"குருவிக்குன்னே கட்டின மாதிரி," என்றான் கோகிலன் மெதுவாக. "பாட்டு மேல தப்பே இல்லக்கா. அந்தப் புகை நாத்தத்துக்கு எந்தக் குருவி வந்து குடியிருக்கும்?"

"நாளைக்கே ஆயர் தாவார்ல போய்ப் பார்த்தா, அங்க ஸைஃபுல் கூட்டி மெழுகி வச்சிருப்பான். மூக்கைக் கொண்டு போய்க் கோர்ட்டுல சாட்சி வைக்க முடியாது. கையில பிடிக்கிற மாதிரி ஒண்ணு வேணும்." அவள் பார்வை மூட்டைகள் பக்கம் போயிற்று. "உனக்கு வாய் அடைச்ச அதே நேரத்துல இன்னொருத்தருக்கும் வாய் அடைச்சுது. நீ கவனிக்கல. அவங்க மூக்கு உன் மூக்கு மாதிரி இல்ல. அவங்க எதையோ பார்த்துட்டாங்க."

ஃபரீதா பிரித்த மூட்டையின் முன்னால் குனிந்து நின்றிருந்தாள். கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள், தொட்டுவிடுவோமோ என்று பயந்தவள் மாதிரி.

"துவான்," என்றாள் நவமணி, "அந்தச் சிகரெட் மூட்டையில மேலாக இருக்கிற கைலி ஒண்ணைப் பிரிச்சுக் காட்டுங்களேன்."

தனேஸ்வரன் கறுப்புக் கட்டம் போட்ட ஒரு கைலியை உதறினார். அது உருளையாக விரிந்து, அவர் இரண்டு கைகளுக்கும் நடுவே பை போல் தொங்கியது.

"இப்ப அந்தக் குவியல்ல இருந்து ஒண்ணு."

இன்னொன்றை உதறினார். அது நீளத் துணியாகத் தரைவரை விழுந்தது. ஓரங்கள் சேரவே இல்லை.

தனேஸ்வரன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒண்ணு தைச்சது, ஒண்ணு தைக்காதது. அதனால என்ன? கைலின்னா தைச்சுத்தானே இருக்கும். என் வீட்டுலயும் அப்படித்தான் இருக்கு."

"உங்க வீட்டுக்கு வந்த பிறகு அப்படி இருக்கு, துவான். தறியில இருந்து அப்படி வராது. கப்பல்ல வர்ற கைலியை எவனும் மூட்டி அனுப்ப மாட்டான். கடையில வாங்கினப்புறம் ரெண்டு ஓரத்தையும் சேர்த்து மூட்டித் தருவாங்க. அப்படின்னா இந்தச் சிகரெட் மூட்டை தமிழ்நாட்டுல கட்டினது இல்ல. பழைய சாக்கை எடுத்து, இங்க எங்கேயோ வச்சு, ஏற்கெனவே ஒரு கடைக்குள்ள போய்த் தையல் விழுந்த கைலியைப் போர்த்திக் கட்டி, கடைச் சரக்குன்னு ஸ்டோர்ல இறக்கியிருக்காங்க. ஸ்டோர்ல இருக்கிற அப்பாவுகிட்ட மூட்டாத சரக்குதான் இருக்கும். அவருக்கு இது கிடைக்காது."

தனேஸ்வரனின் நெற்றியில் முதல் தடவையாக ஒரு மடிப்பு விழுந்தது. "எந்தக் கடை?"

நவமணி ஃபரீதாவின் பக்கம் திரும்பினாள். கோகிலன் தையலைப் பார்த்தான். கறுப்புத் துணியில் கோணல்மாணலாக, வெள்ளை வெளேரென்று ஓடியது நூல். அவன் கைலியில் ஓடும் அதே நடுரோட்டுக் கோடு.

"ஃபரீதாக்கா," என்றாள் நவமணி. "இதுக்கு மேல நான் பேச மாட்டேன். சரக்கு உங்களுது. பார்க்கிற உரிமையைத்தான் நான் கேட்டு வாங்கினேன். பார்த்ததைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

தகரக் கூரை எங்கோ ஒரு தடவை முறுகிச் சத்தம் போட்டது. ஒரு சொல் சொன்னால் கோகிலனின் மாமா வெளியே வருவார். அந்தச் சொல்லை ஃபரீதா முழுங்கிவிட்டால், கண் தெரியாத கிழவி எதைக் கண்டாள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. கோகிலன் அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான். முடியவில்லை.

"நான் மூட்டினதுதான்," என்றாள் ஃபரீதா.

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க," என்றார் தனேஸ்வரன். அவர் குரல் மாறியிருந்தது. "இதைச் சொன்னா சந்தேகம் உங்க கடைக்குள்ள வருது. உங்க மேலயே திரும்பலாம்."

"திரும்பட்டும் துவான். நோன்பு மாசத்துல என் தம்பி வந்தான். பாகான் டத்தோ பக்கம் தென்னந்தோட்டத்துல கஷ்டப்படுற குடும்பம் நிறைய இருக்கு லாத்தா, கைலி தானமா குடுப்போம்னான். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஷெல்ஃப்ல இருந்து துணியாத்தான் எடுத்தான். நான்தான் தடுத்தேன். இல்லாதவங்களுக்கு மூட்டாத துணியைக் குடுத்தா தையக்கூலிக்கு எங்க போவாங்க, நானே மூட்டித் தாரேன்னு சொன்னேன்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வேணாம் லாத்தா, உங்களுக்குக் கண்ணு வலிக்கும்னு சொல்லிப் பார்த்தான். நான் கேக்கல. நோன்போட உக்காந்து அத்தனையும் மூட்டினேன்."

கோகிலனுக்குச் சொல்ல நூறு விஷயம் தெரியும், அதில் ஒன்றும் இதற்கு ஆகாது.

தனேஸ்வரன் கைலியை ஒழுங்காக மடித்து மூட்டைமேல் வைத்தார். "அவர் இப்ப எங்க?"

"எனக்குக் குடிக்க வாங்கப் போயிருக்கான்," என்றாள் ஃபரீதா.

*

ஸைஃபுல் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தான். கையில் பிளாஸ்டிக் பையில் தே ஓ ஐஸ் என்ற பாலில்லாத ஐஸ் தேநீர், உறிஞ்சுகுழாய் செருகியிருந்தது.

"முடிஞ்சுதா லாத்தா? வாங்க, வெயில்ல நிக்காதீங்க."

ஃபரீதா காருக்குள் ஏறவில்லை. தனேஸ்வரனும் இன்னொரு அதிகாரியும் கொஞ்சம் பின்னால் வந்து நின்றார்கள். முதலில் அவளே பேசட்டும் என்று விட்டுவிட்டது போலிருந்தது.

"ஆயர் தாவார் கட்டடத்துச் சாவியைத் துவான்கிட்ட குடு, தம்பி."

ஸைஃபுல் சிரிக்கப் பார்த்தான். நல்ல சிரிப்பு. பாதியில் நின்றுவிட்டது. "என்ன லாத்தா, அங்க குருவிக்கூடு…"

"நான் மூட்டினது எனக்குத் தெரியாதாடா?"

பையிலிருந்து குளிர்த் தண்ணீர் அவன் காலில் போட்டிருந்த சப்பாத்துமேல் சொட்டியது. அவன் நவமணியைப் பார்த்தான், கோகிலனைப் பார்த்தான், கடைசியாக அக்காவின் மூக்குக்கண்ணாடியைப் பார்த்தான். கண்ணை அல்ல.

"உங்களுக்கு ஒண்ணும் வராம நான் பார்த்திருப்பேன் லாத்தா. அதுக்குத்தானே அப்படி எழுதினேன்."

"அப்பாவுவுக்கு வந்தா பரவாயில்லையா?"

ஸைஃபுல் சட்டைப்பைக்குள் கையை விட்டான். சாவி வந்தது. தனேஸ்வரன் அதை வாங்கிக்கொண்டு, ஸைஃபுலின் தோளில் கை வைத்து உள்ளே அழைத்துப் போனார். வாசலில் நின்று திரும்பி, "நாளைக்கு நீங்களும் வாக்குமூலம் குடுக்க வரணும்மா. ஸ்டோர் உங்க பேர்ல இருக்கு. எப்படிப் போகும்னு இப்ப என்னால சொல்ல முடியாது" என்றார். ஃபரீதா தலையசைத்தாள்.

ஸைஃபுல் விட்டுப்போன தே ஓ ஐஸ் கார் கூரைமேல் சரிந்து கிடந்தது. நவமணி டாக்சி பிடிக்க ரோட்டுப் பக்கம் நடந்தாள். கோகிலன் போனை எடுத்தான். மாமா வீட்டுக்குச் சொல்ல வேண்டும். சந்தோஷமான சேதிதான். ஆனால் எதிரில் ஃபரீதா நிற்கும்போது எந்தக் குரலில் சொல்வதென்று தெரியாமல் மறுபடியும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"கோகிலா," என்றாள் ஃபரீதா. "உன் மாமாவை நாளைக்கு விட்டுட்டா, லோக்கப்ல கிடந்த துணியோடயா வீட்டுக்குப் போவாரு?"

"ஏதாச்சும் எடுத்துட்டுப் போறேன்க்கா."

"வேணாம். கடையைத் திறந்து ஒரு கைலி மூட்டித் தாரேன். காலையில வந்து வாங்கிக்க." அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் நெடுநேரம் துடைத்தாள். "எந்த நிறம் கட்டுவாரு?"

வெள்ளை நூலைப் பற்றி ஒன்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கோகிலன் அதை அங்கேயே நிறுத்திக்கொண்டான்.

"எதுன்னாலும் கட்டுவாருக்கா," என்றான்.